கிளிக் நூலகத்தைக் கொண்டு கட்டளை வரிச் செயலிகள் உருவாக்குதல்

கட்டளை வரிச் செயலி என்பது சுட்டி, சாளரம், பொத்தான் ஆகியவை இல்லாமல், முனையத்தில் தட்டச்சிடும் ஒரே வரியால் இயக்கப்படும் நிரல் ஆகும். கோப்புகளைப் பட்டியலிடுதல், நகலெடுத்தல், சொற்களை எண்ணுதல் முதலிய வேலைகளுக்கு யுனிக்ஸ் இயங்குதளத்தில் தொடக்கம் முதலே இத்தகைய சிறு செயலிகள் இருந்து வருகின்றன. பைத்தான் மொழியில் இவற்றை எளிதாக எழுத உதவும் சட்டகங்களுள் ஒன்று கிளிக். இக்கட்டுரை, தமிழ் உரைக்கோப்புகளைக் கையாளும் 'எண்ணி' என்ற சிறு செயலியை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அச்சட்டகத்தின் பயன்பாட்டை விளக்குகிறது. பைத்தானின் சொற்களும் கிளிக் நூலகத்தின் பெயர்களும் இங்கு ஒலிப்புக்கேற்பத் தமிழில் தரப்பட்டுள்ளன. கணினியில் அவற்றை ஆங்கில எழுத்திலேயே தட்டச்சிட வேண்டும்.

ஏன் புதிதாக ஒரு செயலி?

யுனிக்ஸில் 1971 முதல் டபிள்யூசி என்ற கட்டளை உள்ளது. ஒரு கோப்பில் எத்தனை வரிகள், எத்தனை சொற்கள், எத்தனை பைட்டுகள் என்று அது சொல்லும். 'தமிழ்' என்ற சொல்லை மட்டும், வரிமுடிவுக் குறி சேராமல், அதற்குக் கொடுத்தால் பைட்டுகள் 15 என்று விடை வரும். எழுத்துகளை எண்ணும் தெரிவைச் சேர்த்தால் 5 என்று வரும். தொடக்கப் பள்ளி மாணவரைக் கேட்டால் 3 என்பார். மாணவர் சொல்வதே சரி.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் ஒருங்குறியின் அமைப்பு. த, ம, ழ ஆகியவற்றுக்கு ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளியும், இகரக் கொம்புக்கு ஒன்றும், மெய்ப்புள்ளிக்கு ஒன்றும் ஆக ஐந்து குறியீட்டுப் புள்ளிகள் அச்சொல்லில் உள்ளன. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகள் வீதம் 15. 'பள்ளிக்கூடம்' என்ற சொல்லில் 7 எழுத்துகள், 12 குறியீட்டுப் புள்ளிகள், 36 பைட்டுகள். டபிள்யூசி பொய் சொல்லவில்லை. அது எண்ணுவது வேறொன்றை. யாப்பு பயில்பவர், அகராதி தொகுப்பவர், சொல்விளையாட்டு உருவாக்குபவர் ஆகியோருக்குத் தேவைப்படும் எண்ணிக்கையை அக்கட்டளை தருவதில்லை.

எண்ணும் முறை எளிது. தமிழுக்கென ஒதுக்கப்பட்ட பகுதியில் உள்ள ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளியையும் பார்த்து, அது சார்புக்குறியாக இருந்தால் விட்டுவிட வேண்டும். தனியெழுத்தாக இருந்தால் ஒன்று கூட்ட வேண்டும். எது சார்புக்குறி, எது தனியெழுத்து என்பதைப் பைத்தானுடன் வரும் யூனிகோட்டேட்டா தொகுதி சொல்லிவிடும். ஒகர உயிர்மெய்யின் குறியைச் சிலர் ஒரே குறியீடாகவும் சிலர் கொம்பு, கால் என இரண்டு குறியீடுகளாகவும் உள்ளிட்டிருப்பர். இரண்டுமே சார்புக்குறிகள் என்பதால் எண்ணிக்கை மாறாது. க்ஷ, ஸ்ரீ ஆகியவை இம்முறையில் இரண்டு எழுத்துகளாக எண்ணப்படும். அது வேண்டாம் என்பவர் அவற்றுக்குத் தனி விதி எழுத வேண்டும். ஓப்பன்-தமிழ் என்ற கட்டற்ற பைத்தான் நூலகத்திலும் சொல்லை எழுத்துகளாகப் பிரிக்கும் செயற்கூறு உள்ளது.

இதை ஐந்தாறு வரிகளில் எழுதிவிடலாம். அந்த ஐந்தாறு வரிகளைப் பிறர் பயன்படுத்தத்தக்க செயலியாக மாற்றுவதில்தான் சட்டகத்தின் தேவை வருகிறது.

கட்டளை வரியின் இலக்கணம்

பயனர் ஒரு வரியைத் தட்டச்சிட்டு உள்ளீட்டு விசையை அழுத்தியதும், முனையத்தில் இயங்கும் ஷெல் அதை இடைவெளிகளில் துண்டாக்கி நிரலுக்கு அனுப்புகிறது. பைத்தானில் இத்துண்டுகள் சிஸ் தொகுதியின் ஆர்க்வி பட்டியலில் வந்து சேரும். முதல் துண்டு நிரலின் பெயர். எஞ்சியவை இருவகை. எதன்மீது வேலை செய்ய வேண்டும் என்பதைச் சொல்வது செயலுருபு. எப்படிச் செய்ய வேண்டும் என்பதைச் சொல்வது தெரிவு. தெரிவுகள் சிறுகோட்டுடன் தொடங்கும். எடுத்துக்காட்டாக,

எண்ணி எழுத்து --விரிவாக கதை1 கதை2

என்ற வரியில் 'எழுத்து' துணைக்கட்டளை, '--விரிவாக' தெரிவு, இரு கோப்புப் பெயர்களும் செயலுருபுகள். கோப்புப் பெயருக்குள் இடைவெளி இருந்தால் மேற்கோள் குறிக்குள் இட வேண்டும். இல்லையெனில் ஷெல் அதை இரண்டு பெயர்களாக்கிவிடும். பெயரே சிறுகோட்டில் தொடங்கினால், அதற்கு முன் வெறும் இரட்டைச் சிறுகோட்டை இட்டு 'இதற்குமேல் தெரிவுகள் இல்லை' என்று உணர்த்துவது மரபு.

வந்து சேரும் எல்லாத் துண்டுகளும் சரங்களே. பயனர் 5 என்று தட்டச்சிட்டாலும் அது எண் அன்று. இரண்டு ஐந்துகளைக் கூட்டினால் 10 வராது, 55 என்ற சரம் வரும். தெரிவு முன்னே வருமா பின்னே வருமா, மதிப்பு விடுபட்டால் என்ன செய்வது, எழுத்துப்பிழை இருந்தால் எப்படிச் சொல்வது என்று ஒவ்வொன்றையும் கையால் எழுதத் தொடங்கினால், எண்ணும் வேலைக்கு ஆறு வரியும் அலசும் வேலைக்கு அறுபது வரியும் ஆகும்.

தமிழ்நாட்டு மேல்நிலை இரண்டாமாண்டுக் கணினி அறிவியல் பாடநூலில், சி++ நிரலைப் பைத்தான் வழியாக இயக்கும் பாடத்தில், ஆர்க்வி பட்டியலும் கெட்ஆப்ட் தொகுதியும் அறிமுகமாகின்றன. கெட்ஆப்ட், சி மொழியிலிருந்து வந்த பழைய முறை. துண்டுகளைப் பிரித்துத் தருவதோடு அதன் வேலை முடிந்துவிடும். அதற்கு அடுத்த படியாக ஆப்ட்பார்ஸ் வந்தது. பின்னர் ஸ்டீவன் பெத்தார்டு எழுதிய ஆர்க்பார்ஸ் பைத்தான் 2.7, 3.2 பதிப்புகளில் மொழியின் திட்ட நூலகத்தில் சேர்க்கப்பட்டது. உதவிப் பக்கத்தைத் தானே உருவாக்குவது, எண்ணாக மாற்றித் தருவது, துணைக்கட்டளைகள் ஆகியவை ஆர்க்பார்ஸில் உள்ளன. அது பைத்தானுடனேயே வருவதால், இணைய இணைப்பு இல்லாத கணினி ஆய்வகத்தில் அதையே பயன்படுத்துவது நல்லது.

கிளிக்

ஃபிளாஸ்க் என்ற இணையச் சட்டகத்தை உருவாக்கிய ஆர்மின் ரோனக்கர் 2014-இல் கிளிக் நூலகத்தை வெளியிட்டார். 'கட்டளை வரி இடைமுக ஆக்கப் பெட்டி' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளே இப்பெயர். சுட்டியே தேவைப்படாத செயலிகளுக்கான கருவிக்குச் சுட்டியின் ஒலி பெயராக அமைந்தது வேடிக்கைதான். இதன் உள்ளே உள்ள அலசி, ஆப்ட்பார்ஸிலிருந்து கிளைத்தது. இன்று பேலட்ஸ் திட்டத்தின்கீழ் பராமரிக்கப்படுகிறது. 'பிப் இன்ஸ்டால் கிளிக்' என்ற கட்டளையால் இதை நிறுவலாம்.

கிளிக்கின் அடிப்படைக் கருத்து ஒன்றே: ஒரு செயற்கூறு, ஒரு கட்டளை. வழக்கமான பைத்தான் செயற்கூற்றின் தலைக்கு மேல் @ குறியுடன் தொடங்கும் சில வரிகளை எழுத வேண்டும். இவை டெக்கரேட்டர் எனப்படும். 'கிளிக்.கமாண்ட்' என்ற டெக்கரேட்டர் அச்செயற்கூற்றைக் கட்டளையாக்குகிறது. 'கிளிக்.ஆர்கியுமென்ட்' செயலுருபையும், 'கிளிக்.ஆப்ஷன்' தெரிவையும் அறிவிக்கின்றன. அறிவித்த பெயரிலேயே செயற்கூற்றின் அளவுருவும் இருக்க வேண்டும். அலசி முடித்த மதிப்புகளை அந்த அளவுருக்களில் இட்டுச் செயற்கூற்றை அழைப்பது கிளிக்கின் பொறுப்பு.

ஒன்றுக்கு மேற்பட்ட வேலைகள் உள்ள செயலிக்கு 'கிளிக்.குரூப்' உதவும். 'எண்ணி' என்ற குழுவின்கீழ் 'எழுத்து' ஒரு துணைக்கட்டளை. பின்னர் வரும் 'மாற்று' இன்னொன்று. கிட் பயன்படுத்தியவர்களுக்கு இவ்வமைப்பு பழக்கமானது.

எழுத்து எண்ணும் துணைக்கட்டளை

முதலில் எண்ணும் வேலையைக் கிளிக் சாராத தனிச் செயற்கூறாக எழுதுவது நல்லது. அது ஒரு சரத்தை வாங்கி ஓர் எண்ணைத் திருப்பித் தரட்டும். கட்டளையாகும் செயற்கூறு கோப்பைத் திறந்து, அதன் உள்ளடக்கத்தை எண்ணும் செயற்கூற்றிடம் கொடுத்து, விடையை அச்சிட்டால் போதும். நாளை அதே எண்ணும் முறையை இணையப் பக்கத்தில் பயன்படுத்த வேண்டுமானாலும் ஒரு வரியும் மாற்ற வேண்டியிராது.

கோப்புப் பெயர்களுக்கான செயலுருபில் மூன்று குறிப்புகள் தேவை. பல கோப்புகளை ஏற்க 'என்ஆர்க்ஸ்' மதிப்பை -1 என்று தர வேண்டும். ஒரு கோப்பாவது கட்டாயம் என்பதற்கு 'ரிக்வயர்டு' தெரிவை இட வேண்டும். இதை மறந்தால், பயனர் கோப்புப் பெயரே தராதபோது செயலி ஒன்றும் செய்யாமல் அமைதியாக முடிந்துவிடும். எண்ணிக்கை பூச்சியமா, கோப்பு விட்டுப்போனதா என்று பயனருக்குத் தெரியாது. மூன்றாவது, வகை. 'கிளிக்.பாத்' வகையைத் தந்து 'எக்ஸிஸ்ட்ஸ்' என்பதை உண்மை என வைத்தால், கோப்பு உள்ளதா என்பதைக் கிளிக்கே சரிபார்க்கும். இச்சரிபார்ப்பு எல்லாக் கோப்புகளுக்கும் வேலை தொடங்கும் முன்பே நடக்கிறது. பத்தாவது கோப்பின் பெயரில் பிழை இருந்தால், முதல் ஒன்பது கோப்புகளில் வேலை செய்துவிட்டுப் பாதியில் நிற்காது.

இதற்குமேல் சேர்க்க வேண்டியது உதவி. செயற்கூற்றின் முதல் வரியாக மும்மேற்கோளுக்குள் எழுதும் விளக்கவுரையையே கிளிக் உதவிப் பக்கமாக மாற்றுகிறது. பயனர் '--ஹெல்ப்' என்று கேட்டால் பயன்பாட்டு வரி, விளக்கம், தெரிவுகளின் பட்டியல் எல்லாம் வரும். விளக்கத்தைத் தமிழில் எழுதத் தடையில்லை. 'பயன்பாடு', 'தெரிவுகள்' போன்று கிளிக் தானாக இடும் தலைப்புகளையும் 8.0 பதிப்பு முதல் மொழிபெயர்த்துக்கொள்ளலாம். ஒரு சிறு குறை உண்டு: தமிழ்ப் பெயருள்ள தெரிவுகளின் பட்டியலில் வலப்பக்க விளக்கங்கள் ஒரே நேர்க்கோட்டில் நிற்காமல் ஏறுமாறாகத் தெரியும். சொல்லின் அகலத்தைக் குறியீட்டுப் புள்ளிகளின் எண்ணிக்கையால் அளப்பதே காரணம். டபிள்யூசி 'தமிழ்' என்ற சொல்லில் 5 கண்டதும் இதனால்தான்.

விடையும் பிழைச்செய்தியும் செல்லும் வழிகள்

கட்டளை வரிச் செயலி மனிதருக்கு மட்டும் பேசுவதில்லை. அடுத்த செயலிக்கும் பேசுகிறது. 1973 முதல் யுனிக்ஸில் உள்ள குழாய் வசதி, ஒரு செயலியின் வெளியீட்டை அடுத்த செயலியின் உள்ளீடாக்குகிறது. ஆகவே வெளியீட்டுக்கு இரண்டு வழிகள் தரப்பட்டுள்ளன. விடை இயல்பு வெளியீட்டில் செல்ல வேண்டும். எச்சரிக்கை, பிழைச்செய்தி, 'வேலை நடக்கிறது' என்ற அறிவிப்பு ஆகியவை பிழை வெளியீட்டில் செல்ல வேண்டும். 'கிளிக்.எக்கோ' செயற்கூற்றில் 'எர்' என்பதை உண்மை என வைத்தால் செய்தி இரண்டாம் வழியில் போகும்.

தொடக்கநிலை நிரலாளர்கள் இதைப் பொருட்படுத்துவதில்லை. 'கோப்பு வாசிக்கப்படுகிறது, காத்திருக்கவும்' என்ற அன்பான செய்தியை இயல்பு வெளியீட்டில் அச்சிட்டால், குழாயின் மறுமுனையில் எண்களை எதிர்பார்த்திருக்கும் செயலிக்கு அதுவும் தரவாகவே போய்ச் சேரும். கூட்டுத்தொகை தவறும். எங்கே தவறியது என்று கண்டுபிடிப்பதும் எளிதன்று.

நிறைவுக் குறியீடும் இதைப் போன்றதே. செயலி முடியும்போது ஓர் எண்ணை விட்டுச் செல்கிறது. 0 என்றால் வெற்றி. வேறு எந்த எண்ணும் தோல்வி. தவறான தெரிவு, இல்லாத கோப்பு முதலிய பயன்பாட்டுப் பிழைகளில் கிளிக் 2 என்ற குறியீட்டுடன் முடிக்கும். நிரலாளர் தாமே 'கிளிக்எக்ஸெப்ஷன்' எழுப்பினால் குறியீடு 1. பிழை நேர்ந்த இடத்தில் செய்தியை அச்சிட்டுவிட்டு இயல்பாக முடிந்துவிடும் செயலி, தன்னை அழைத்த நிரலிடம் 'எல்லாம் நலம்' என்று சொல்கிறது. இரவில் தானாக நடக்கும் காப்புநகல் வேலையில் இப்படி ஒரு செயலி இருந்தால், நகல் எடுக்கப்படாத செய்தி நகல் தேவைப்படும் நாளில்தான் தெரியவரும்.

கோப்பை மாற்றும் செயலி

எண்ணும் செயலி தவறினால் ஓர் எண் தவறும், அவ்வளவே. கோப்பையே மாற்றி எழுதும் செயலி தவறினால் இழப்பு வேறு.

தமிழ் உரைக்கோப்புகளில் பரவலாகக் காணப்படும் ஒரு பிழை, ஔகாரத்தை ஒரே எழுத்தாக உள்ளிடாமல் ஒ, ள என்று இரண்டு எழுத்துகளாகத் தட்டச்சிடுவது. கண்ணுக்கு 'ஒளவையார்' சரிபோலத் தெரியும். 'ஔவையார்' என்று தேடினால் கிடைக்காது. இதைத் திருத்த 'மாற்று' என்ற துணைக்கட்டளை எழுதலாம். 'ஒள' வரும் இடமெல்லாம் 'ஔ' இடு என்று ஒரே வரியில் பைத்தான் செய்துவிடும். அவ்வாறு செய்தால் 'ஒளி' என்ற சொல் என்ன ஆகும்? ஒ, ள, இகரக் கொம்பு என்ற மூன்றில் முதலிரண்டும் ஔ ஆகிவிட, கொம்பு தனியே தொங்கும். ஒளிப்படம், ஒளிவட்டம், ஒளிந்தான், ஒளவை எல்லாமே ஒரே கத்தியில் வெட்டுப்படும். இருநூறு கோப்புகளில் ஒரே நொடியில் இது நடந்து முடியும். மாற்றிய பின் மீட்கவும் வழியில்லை: மூலத்தில் எது சரியாக இருந்தது, எது பிழையாக இருந்தது என்ற வேறுபாடே அழிந்திருக்கும்.

ஆகவே விதி குறுகியதாக இருக்க வேண்டும்: 'ஒளவை', 'ஒளடதம்', 'ஒளரங்கசீப்' என அறிந்த சொற்களின் பட்டியலுக்கு மட்டும் மாற்றம். விதி எவ்வளவு நன்றாக இருந்தாலும், செயலியின் அமைப்பிலும் மூன்று காப்புகள் வேண்டும். மூன்றையும் கிளிக் எளிதாக்குகிறது.

முதலாவது ஒத்திகை. '--ஒத்திகை' என்று ஆம்/இல்லை வகைத் தெரிவு ஒன்றை அறிவித்து, அது இடப்பட்டால் எந்தக் கோப்பில் எந்த வரி எப்படி மாறும் என்று காட்டிவிட்டு, எதையும் எழுதாமல் முடிக்க வேண்டும். ஒத்திகையையே இயல்புநிலையாக வைத்து, உண்மையில் எழுதுவதற்குத் தனித் தெரிவு கேட்பது இன்னும் பாதுகாப்பானது. மாணவர்கள் எழுதும் செயலிகளுக்கு அதுவே பொருத்தம்.

இரண்டாவது ஒப்புதல். 'கிளிக்.கன்ஃபர்ம்' செயற்கூறு 'இத்தனை கோப்புகள் மாற்றப்படும், தொடரலாமா?' என்று கேட்டு நிற்கும். 'அபார்ட்' என்பதை உண்மை என வைத்திருந்தால், பயனர் மறுத்தவுடன் செயலி 1 என்ற குறியீட்டுடன் நின்றுவிடும். தானியங்கு வேலைகளில் விடையளிக்க ஆளில்லாததால், கேள்வியைத் தவிர்க்க '--ஆம்' போன்ற தெரிவும் வைப்பது வழக்கம். கேள்வியில் எண்ணிக்கை கட்டாயம் இடம்பெற வேண்டும். 'உறுதியா?' என்று மட்டும் கேட்டால் எவரும் படிக்காமலேயே ஆம் என்பர். 3 கோப்புகளை எதிர்பார்த்தவர் 214 என்ற எண்ணைக் கண்டால் கை நிற்கும்.

மூன்றாவது, எழுதும் முறை. கோப்பை எழுதுவதற்காகத் திறந்தவுடன் அதன் பழைய உள்ளடக்கம் அழிந்துவிடும். அந்நேரத்தில் மின்சாரம் நின்றாலோ நிரல் முறிந்தாலோ பழையதும் இல்லை, புதியதும் இல்லை. 'கிளிக்.ஓப்பன்_ஃபைல்' செயற்கூற்றில் 'அடாமிக்' தெரிவை இட்டால், புதிய உள்ளடக்கம் முதலில் தற்காலிகக் கோப்பில் எழுதப்பட்டு, முழுதும் முடிந்த பிறகே பழைய கோப்பின் இடத்திற்கு நகர்த்தப்படும்.

விண்டோஸும் புள்ளி எழுத்தும்

தமிழ்க் கோப்பைத் திறக்கும்போது குறியாக்கத்தை யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும். லினக்ஸில் குறிப்பிடாவிட்டாலும் பெரும்பாலும் வேலை செய்யும். அதனால்தான் இப்பிழை நெடுநாள் மறைந்திருக்கிறது. விண்டோஸில் பைத்தான் நெடுங்காலமாகக் கணினியின் வட்டார அமைப்பைப் பின்பற்றிக் குறியாக்கத்தைத் தேர்ந்து வந்துள்ளது. அது 1252 என்ற மேலை ஐரோப்பியப் பட்டியலாக இருந்தால், மெய்ப்புள்ளியின் மூன்றாவது பைட்டுக்கு அப்பட்டியலில் இடமே இல்லை. எனவே கோப்பில் முதல் மெய்யெழுத்து வந்த இடத்திலேயே நிரல் முறிந்து நிற்கும். புள்ளி எழுத்தே இல்லாத தமிழ் வரி அரிது என்பதால், பிழை உடனே வெளிப்படுவது ஒருவகையில் நன்மையே.

தெரிவுகளுக்குத் தமிழ்ப் பெயர்

பைத்தான் 3-இல் செயற்கூறு, மாறி ஆகியவற்றுக்குத் தமிழில் பெயரிடலாம். கிளிக்கின் தெரிவுகளும் துணைக்கட்டளைகளும் அவ்வாறே தமிழை ஏற்கின்றன. இக்கட்டுரையின் எடுத்துக்காட்டுகள் அப்படி அமைந்தவையே. ஒற்றைச் சிறுகோட்டுக் குறுக்கப் பெயர்களில் மட்டும் கவனம் தேவை. ஒற்றைக்கோட்டு மரபு ஓரெழுத்துக்கானது. கணினிக்கு ஓரெழுத்து என்பது ஒரு குறியீட்டுப் புள்ளி. '-எ', '-ப' போன்றவை அதற்குப் பொருந்தும். '-வி' என்பது கணினியின் கண்ணில் இரண்டெழுத்து. உயிரெழுத்தையோ அகரமேறிய உயிர்மெய்யையோ தேர்ந்தால் சிக்கலில்லை.

நடைமுறையில், ஒவ்வொரு கட்டளைக்கும் விசைப்பலகையை ஆங்கிலத்திற்கும் தமிழுக்கும் மாற்றி மாற்றித் தட்டச்சிடுவது பயனருக்குத் தொல்லை. செயலியின் பெயரும் தெரிவுகளும் சிறிய ஆங்கில எழுத்துகளில், உதவியும் பிழைச்செய்திகளும் தமிழில் என்ற ஏற்பாடே பெரும்பாலான பயனர்களுக்கு வசதியாக இருக்கும்.

சோதித்தல்

செயலியைப் பிறர் கணினியில் நிறுவத்தக்கதாக்க, திட்ட அடைவில் உள்ள பைபுராஜெக்ட் கோப்பின் 'ஸ்கிரிப்ட்ஸ்' பகுதியில் கட்டளையின் பெயரையும் அது அழைக்க வேண்டிய செயற்கூற்றையும் ஒரு வரியில் இணைத்தால் போதும். பிப் நிறுவும்போது அப்பெயரில் ஒரு கட்டளை உருவாகும்.

அதற்குமுன் சோதனை எழுத வேண்டும். கிளிக்குடன் வரும் 'சிஎல்ஐரன்னர்', முனையத்தைத் திறக்காமலேயே கட்டளையை இயக்கி, வெளியீட்டையும் நிறைவுக் குறியீட்டையும் திருப்பித் தரும். கோப்புகளை வைத்துச் சோதிக்கத் தற்காலிக அடைவும் அமைத்துக் கொடுக்கும். 'பள்ளிக்கூடம்' என்ற ஒரே சொல் உள்ள கோப்புக்கு விடை 7 ஆக இருக்க வேண்டும். வெற்றுக் கோப்புக்கு 0. இல்லாத கோப்புக்கு நிறைவுக் குறியீடு 2. ஒத்திகைத் தெரிவுடன் 'மாற்று' கட்டளையை இயக்கிய பின் கோப்பு ஒரு பைட்டும் மாறாமல் இருக்க வேண்டும். 'ஒளவையார் ஒளி பெற்றார்' என்ற வரியைக் கொடுத்து உண்மையாகவே இயக்கினால், முதற்சொல் திருந்தி, 'ஒளி' அப்படியே நிற்க வேண்டும்.